கழுத்தில் ஒற்றை மரச்செருப்பு

"என்ன யூலாலி, நேத்தும் உன் பொண்ணு கழுத்துலதான் செருப்பாமே? நீ துரைசானி மாதிரி பிரெஞ்சு பேசுறே, அவ நாக்கு மட்டும் ஆட்டுத் தொழுவத்துல கிடக்குது போல."

துணி துவைக்கும் இடத்தில் பக்கத்து வீட்டுச் செலி கேட்டதும், யூலாலி பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

அந்த மலையடிவார ஊர்ப் பள்ளியில் பிரெஞ்சுதான் பேச வேண்டும். ஊர்ப்பேச்சான ஒக்சித்தானில் வாய் திறந்தால், கயிறு கட்டிய பழைய மரச்செருப்பு ஒன்று கழுத்தில் ஏறும். அடுத்து யாராவது அப்படிப் பேசி மாட்டினால் அவர்களுக்குக் கைமாற்றிவிடலாம். சாயங்கால மணி அடிக்கையில் யார் கழுத்தில் இருக்கிறதோ, அவர்களுக்குப் பிரம்படி.

மூன்று நாளாக அது மகள் நொயெமி கழுத்தில்தான். இன்றைக்கும் இருந்தால் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று வாத்தியார் சொல்லியனுப்பிவிட்டார். பரீட்சை போனால் தபாலாபீஸ் வேலை போச்சு. பிறகு மகளும் தன்னைப் போலச் சாணி அள்ள வேண்டியதுதான்.

வீட்டில் யூலாலி பிரெஞ்சு தவிர ஒரு சொல் பேச விட்டதில்லை. பயம் மிஞ்சினால் மட்டும், கைக்குழந்தையின் தொட்டிலருகே, தான் பிறந்த மேல்மலைப் பேச்சில் முணுமுணுப்பாள். அதே ஒக்சித்தான்தான், ஆனால் அந்த இழுவையைக் கேட்டால் அடிவாரத்துக்காரர்களே சிரிப்பார்கள்.

சாயங்கால மணியடிக்கும் நேரம். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். கம்பிக்கதவு வழியே பார்த்தாள்.

செருப்பு நொயெமி கழுத்தில் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

அது மியெத்தாவின் கழுத்தில் தொங்கியது. போன மாதம் மேல்மலையிலிருந்து வந்த, கரிமூட்டம் போடுகிறவரின் மகள். ஆறு வயது. பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. வாத்தியார் மணிக்கயிற்றை நோக்கி நடக்க, பிள்ளை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள்.

நொயெமி அவளருகே போய்க் குனிந்தாள். அச்சு அசலாக அதே மேல்மலை இழுவையில், "அழாதடி தங்கம், உங்க ஆடு குட்டி போட்டுச்சா?" என்றாள்.

மியெத்தா செருப்பைக் கழற்றி நீட்டினாள். நொயெமி, தினமும் செய்கிற வேலை போல, வாங்கி மாட்டிக்கொண்டாள்.

யூலாலி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கயிற்றில் வைத்த கையோடு வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒருவர் முன்னும் பேசாத மேல்மலைப் பேச்சில், அவர் காதுபடவே மகளிடம் சொன்னாள்:

"சீக்கிரம் அதைக் கழட்டி என் கழுத்துல மாட்டுடி கண்ணு. நான் பேசிட்டேன்ல."