காலியாக விட்ட நான்காவது இடம்

அர்ஜென்டினாவின் மெந்தோசா நகரில் எசேக்கியேலும் இரண்டு நண்பர்களும் ஞாயிறுதோறும் அவரவர் வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டில், பிரிட்டனுடன் நடந்த 1982 மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரின் ஒரு தாக்குதலை அப்படியே மறுபடி நடத்துவார்கள். நிஜத்தில் நான்கு விமானங்கள் போய் மூன்றுதான் திரும்பின. திரும்பாததை ஓட்டியவர் எசேக்கியேலின் அப்பா. அவர் இடத்தைக் காலியாக விடுவது வழக்கம்.

இன்று அங்கே ஒரு விமானம் பறந்தது.

"எவன்டா அது, உன் மச்சானா?" ஹெட்போனில் சிரித்தான் நண்பன் ஃபாபியான்.

"எனக்கு ஏதுடா மச்சான்?"

மூவரும் தரையிறங்கினார்கள். நான்காவதும் ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்தது.

மாத்தே தேநீரோடு வந்த அம்மா நெலிதா திரையைப் பார்த்தாள். "ஒதுங்கி வழி விடுடா. உங்கப்பா எப்பவும் கடைசியாத்தான் இறங்குவாரு."

எசேக்கியேல் தன் விமானத்தை ஓரமாக நகர்த்தினான். விமானம் இறங்கி நின்றது. அதன் கண்ணாடிக்கூண்டு மெல்லத் திறந்தது.

அம்மா அவசரமாகச் சுவரிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி முன் போய் நரைமுடியை ஒதுக்கினாள்.

"அவருக்கு இன்னும் இருபத்தொன்பதுதான்டா. என்னை எப்படி அடையாளம் தெரியும்?"