தாழ்ப்பாள் சத்தம்

மாதங்கி கதவைத் தட்டினாள்.

மாதங்கி என்றால் சீரியல் மாதங்கி. ஒரு காலத்தில் எட்டரை மணி ஆனால் போதும், மருமகளைப் படாத பாடு படுத்திய அதே மாமியார். இப்போது உக்கடத்துச் சந்தில், பூஜிதாவின் வாசலில், கட்சித் துண்டும் கும்பிட்ட கையுமாக நின்றிருந்தார். நிஜப் பெயர் பத்மாட்சி என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அதை யார் படித்தார்கள்?

அடுத்த வீட்டிலிருந்து நாத்தனார் ஃபஹீமா ஓடிவந்தாள்.

அவளுக்குத் தெரிந்து இந்த அம்மா இதுவரை மூன்று கட்சி மாறியாயிற்று. தொகுதிக்கு முதலில் அறிவித்த வேட்பாளரையும் போன வாரம் மாற்றிவிட்டார்கள். ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று சீரியலில் எழுத்து ஓடுமே, அதையே சுவரொட்டியிலும் போட்டுவிடலாம் என்று காலையில்தான் சொல்லிச் சிரித்தாள். அப்படிச் சிரித்தவள் இப்போது செல்ஃபிக்கு இடம்பிடித்து நின்றாள்.

பூஜிதாவுக்குச் செல்ஃபி வேண்டாம். ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

அந்தச் சீரியல் பாதியில் நின்றுபோனது. துரத்திவிட்ட மருமகள் மழையில் திரும்பி வந்து மாமியார் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அதோடு சரி. என்ன தகராறோ, மறுநாள் அதே நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சேனலே காணாமல் போனது. யூடியூபிலும் கிடையாது. பூஜிதா தேடாத இடமில்லை.

மாதங்கி கதவைத் திறந்தாள் என்பது பூஜிதாவின் கட்சி. இல்லவே இல்லை, தட்டுவதோடு முடிந்தது என்பது ஃபஹீமாவின் கட்சி. தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் குடும்பத்தில் இந்த இரண்டு கட்சிதான்.

பூஜிதாவிடம் இருந்த ஒரே சாட்சி ஒரு சத்தம். பாட்டு முடிந்ததும் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். முதலில் நகர மாட்டேன் என்று முரண்டுபிடித்து, பிறகு டக்கென்று விழும். என் காதால் கேட்டேன் என்பாள். நான் கண்ணால் பார்த்தேன் மச்சி, அப்படி ஒன்றும் வரவில்லை என்பாள் ஃபஹீமா. பேச்சு முற்றினால் பூஜிதாவின் கண் கலங்கிவிடும். ஒரு சீரியலுக்கா இந்தப் பாடு என்று புருஷன் சஹீர் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவான்.

பத்மாட்சி நோட்டீஸை நீட்டினார். பூஜிதா வாங்கவில்லை. இன்னும் நாலு தெரு பாக்கியிருக்கிறது என்று கட்சிக்காரர் ஒருவர் அவசரப்படுத்தினார். இப்போது விட்டால் இனி எந்தக் காலத்திலும் கேட்க முடியாது. பூஜிதா படியிறங்கிப் போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்கம்மா, அந்தக் கடைசி நாளு மருமக வந்து தட்டுனாளே, நீங்க உள்ளிருந்து தாழ்ப்பாளத் தொறந்தீங்ளா?”

ஓட்டுக் கேட்கும் சிரிப்பு மறைந்து அந்த முகத்தில் வேறொரு சிரிப்பு வந்தது. போகிற ஊரிலெல்லாம் ஏன் அந்தப் பெண்ணை அப்படிக் கொடுமை செய்தீர்கள் என்றுதான் திட்டுகிறார்களாம். இதை யாரும் கேட்டதில்லையாம்.

“தொறக்கறதுக்கு அந்தக் கதவுல தாழ்ப்பாளே கிடையாதும்மா. வெறும் செட்டுக் கதவு. தட்டற சத்தம், அப்புறம் பாட்டு, அவ்வளவுதான். டப்பிங்ல நானும் இருந்தேன்.”

திறக்கிற காட்சியை அடுத்த வாரம் எடுப்பதாக இருந்தார்கள் என்றும் சொன்னார். பூஜிதாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது.

ஃபஹீமா கைதட்டாத குறைதான். இனியாவது ஒத்துக்கொள்கிறாயா என்றாள்.

பூஜிதா ஒத்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

ஃபஹீமாவிடம் இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கடைசி நாள் பூஜிதா சீரியலைப் பார்க்கவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். பீளமேட்டில், அம்மா வீட்டு வாசலில், சாத்திய கதவுக்கு வெளியே நின்று.

சஹீரைக் கட்டிக்கொண்ட புதிது. அம்மாவும் அப்பாவும் தலைமுழுகிவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டரைக்கு அப்பா மில்லில் இருப்பார், அம்மா பங்காரம்மா டிவி முன்னால் தனியாக இருப்பாள் என்று யோசித்துத்தான் போனாள். தட்டினாள். உள்ளே டிவியிலும் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டு வந்தது. பாட்டுக்கு நடுவே கடைசியாக ஒருமுறை தட்டிவிட்டு, அழுகையை அடக்க முடியாமல் தெருவில் நின்ற ஸ்கூட்டருக்கு நடந்தாள். சஹீர் வண்டியைக் கிளப்பும் முன் அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மாதங்கியே திறந்துவிட்டாள், நம் அம்மா திறக்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னாள். அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பீளமேட்டு வீட்டுப் பித்தளைத் தாழ்ப்பாளும் முதலில் முரண்டுதான் பிடிக்கும்.

அம்மாவும் ஏமாந்திருக்கிறாள். வாசலில் தட்டியதை டிவியில் தட்டியதாக நினைத்திருப்பாள். பாட்டுக்கு நடுவிலும் தட்டுவது யார் என்று எழுந்து வந்திருக்கிறாள். சீரியல் நேரத்தில் வீடே பற்றி எரிந்தாலும் எழுந்திருக்காத பங்காரம்மா.

அம்மா இப்போதும் அதே வீட்டில்தான், தனியாக, டிவியோடு இருப்பதாகக் கேள்வி. இங்கிருந்து ஒரே பஸ்.

பூஜிதா செருப்பைத் தேடி மாட்டினாள். தோற்ற கோபத்தில் எங்கே கிளம்பிவிட்டாய் என்று ஃபஹீமா சிரித்தாள்.

“அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வாரேன் ஃபஹீமா.”

அந்தச் சந்துக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் வாயில் இந்த வார்த்தை வந்து ஃபஹீமா கேட்டதே இல்லை.