ஈட்டிக்காரி

மத்தியான வெயில் லேப்டாப் திரையில் விழாதபடி கார்குழலி துப்பட்டாவை ஜன்னலில் கட்டியிருக்கிறாள். ஆன்லைன் வீடியோக்களைப் பார்த்தே கற்றுக்கொண்டு அவள் உருவாக்கிய கம்ப்யூட்டர் கேம் வீராங்கனை, கையில் ஈட்டியோடு, லேப்டாப் வரைய வரையக் கட்டம் கட்டமாகத் திரையில் தெளிந்து வருகிறாள். வேலைக்கான தேர்வுப் படம். சாயங்காலத்துக்குள் சென்னைக் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். லேப்டாப்பில் பேட்டரி நிற்பதில்லை, கரண்ட் போனால் எல்லாம் போச்சு. முதலியார்பேட்டையில் காலையிலிருந்தே கரண்ட் விட்டு விட்டு வருகிறது. மின்விசிறி சுணங்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். "அம்மா, மிக்ஸி போட்டுடாத." அடுப்படியில் நிர்மலாதேவி தேங்காய் போட்ட ஜாரை அப்படியே வைத்துவிட்டு, ஈரக் கையோடு வந்து மகளின் பின்னால் நிற்கிறாள். கடைசிக் கட்டமும் தெளிகிறது. "ஈட்டியெல்லாம் வச்சிகினு இருக்கா, மூஞ்சி ஏன்டி இப்படி பயந்து கெடக்குது?" கார்குழலி அந்தக் கண்களைப் பார்க்கிறாள். திருத்த நேரமில்லை. "பயந்துகினேதாம்மா சண்டைக்குப் போறா," என்றபடி அனுப்பும் பொத்தானை அழுத்துகிறாள்.