காலிப் பேட்டரியின் கனம்

“அப்பா, நிறைஞ்ச பேட்டரி கனமா, காலிப் பேட்டரி கனமா?”

போன மாதம் ஒரு மாலை, கதவு மாட்டும் தச்சரிடம் அவருடைய ஆறு வயது மகள் இப்படிக் கேட்டாள். கேட்டதோடு விடவில்லை. டிரில்லுக்கான ஆறு பேட்டரிகளையும் அவருடைய கோட்டிலிருந்து உருவி, இரண்டு கைகளையும் தராசாக்கி நிறுத்தும் பார்த்தாள்.

“ரெண்டும் ஒரே கனந்தான் செல்லம். எடுத்த இடத்துல வச்சிடு.”

வைத்தாள். எடுத்த இடத்தில் அல்ல.

கையில்லாத அந்தக் கோட்டு முழுவதும் பைகள்தான். வலப்பக்கம் சார்ஜ் உள்ளவை, இடப்பக்கம் தீர்ந்தவை. தொழிலில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். அன்று இரவு தச்சர், நிறைந்த மூன்று பேட்டரிகளையே மறுபடி சார்ஜில் போட்டார்; மறுநாள் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு, காலியான மூன்றை வலப்பையில் சுமந்துகொண்டு வேலைக்குப் போனார். பாதி வேலையில் டிரில் படுத்துவிட்டது.

ஆனால் தேநீர் குடித்துவிட்டு வந்து கோட்டை மாட்டினால், வலப்பையில் மூன்று பேட்டரிகள் முழுச் சார்ஜோடு இருந்தன! வேலை தப்பியது.

“கடவுள் போட்ட சார்ஜ்” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் தச்சர்.

இன்று வேறு கட்டிடம். இன்னும் மின் இணைப்பு வராத எட்டு மாடி.

“ஆளுக்குப் பத்துக் கதவு” என்றார் சூப்பர்வைசர். “யாரு முதல்ல முடிக்கிறாங்களோ, மிச்சக் கதவு மொத்தமும் அவங்களுக்கு.”

தச்சரின் மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்: “இது கிடைச்சா வருஷம் பூரா வீட்டுச் சாப்பாடு. இல்லேன்னா மறுபடி மூட்டையைக் கட்டிக்கிட்டு வெளியூர்தான். பாத்துக்குங்க.”

போட்டிக்கு வந்தவள் எறும்பு. தன்னைவிடப் பெரிய கதவை ஒற்றை ஆளாகத் தூக்குவதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளும் பேட்டரிக் கோட்டுக்காரிதான்.

“அண்ணே, உங்க கடவுள்கிட்ட எனக்கும் ரெண்டு பேட்டரி சொல்லி வைங்க.”

“ஏன், உன் கோட்டுக்கு என்ன கேடு?”

“மாமியார் சார்ஜரைப் பிடுங்கிட்டு அவங்க போனை மாட்டிட்டாங்க. போன் நூறு சதவீதம், நான் பூஜ்யம். ஒரே ஒரு பேட்டரிதான் உயிரோட இருக்கு.”

“பேட்டரியும் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷும் நான் யாருக்கும் குடுக்கறதில்ல தாயி.”

“நான் கேக்கவே இல்லையே!”

சூப்பர்வைசர் குறுக்கே புகுந்தார். “பேட்டரிக்கெல்லாம் சிவப்பு நகப்பூச்சுல பொட்டு வச்சுட்டா போதுமா? அதுக்குச் சோறும் போடணும்மா. போன மாசம் டிரில் ரிப்பேர்னு பாதி நாள்ல வீட்டுக்குப் போன ஆளுதானே நீ?”

“அடையாளத்துக்குத்தான் சார் பொட்டு” என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள் எறும்பு.

தச்சர் எதுவும் காதில் விழாதவர்போல ஏணியை நகர்த்தினார்.

மதியம் வரை ஓட்டம் அவர் பக்கம்தான். அவர் ஆறு கதவு, அவள் நாலு. அவளுடைய டிரில் ஈனக்குரலில் முனகி அடங்கியது. இரண்டு கோட்டுகளும் ஒரே ஆணியில் தொங்கின. மாமியாருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க அவள் கீழே இறங்கினாள். மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போனார்கள். தச்சர் சற்றுப் பொறுத்துக் கடைசியாகப் போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கதை தலைகீழானது. எறும்பின் டிரில் சிங்கம் மாதிரி உறுமியது. தச்சருடையதோ எட்டாவது கதவில் நின்றேபோனது. வலப்பையில் கையை விட்டு ஒன்றை மாட்டினார். காலி. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும் அப்படியே.

“ஆறு பேட்டரியைச் சுமந்துகிட்டு வந்து எட்டாவது கதவுல கவுந்துட்டீங்களே!” சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்ன, இன்னைக்குக் கடவுளுக்கு லீவா?”

“பிள்ளை மறுபடியும் மாத்தி வச்சிருப்பா சார்” என்று தலையைச் சொறிந்தார் தச்சர்.

எறும்பு பத்தாவது கதவை மாட்டிவிட்டு வந்தாள். “அண்ணே, எட்டு மாடிக்கு ஒத்தை ஆளு பத்தாது. நாளையிலேர்ந்து நீங்களும் என்கூட வந்துடுங்க.” அவருடைய கோட்டை ஒரு பார்வை பார்த்தாள். “கோட்டையும் மறக்காம கொண்டு வாங்க.”

வீட்டில் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “ஆறையும் நான்தானே சார்ஜ்ல போட்டேன்! அதெப்படி தீரும்? எறும்புகிட்ட யானை தோத்துட்டு வந்து நிக்குது பாரு. வெளியூர் போகலைங்கிறதாலதான் உங்களுக்கு இன்னைக்குச் சோறு!”

மகள் ஓடிவந்து கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். “நீங்க பொய் சொன்னீங்க அப்பா. நிறைஞ்சதுதானே கனம்?”

“ஆமா செல்லம். இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். காலியானா கனமே தெரியல.”

“அம்மா! நான் சொன்னதுதான் சரி!” அவள் சமையலறைக்குப் பறந்தாள்.

தச்சர் கதவைச் சாத்தினார். கோட்டின் வலப்பையிலிருந்து மூன்று காலிப் பேட்டரிகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்துச் சார்ஜில் போட்டார். மூன்றின் முதுகிலும் எறும்பு வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. போன மாதம் கடவுள் அவர் பையில் போட்டுவிட்டுப் போன மூன்றிலும் அதே பொட்டுதான் இருந்தது.