பெயர்க் கட்டத்தில் ஒரு ஓட்டை

"ஒன்பது வருஷமா நீங்க பாக்காத ஓட்டைய யாரோ பாத்துட்டாங்க, யுகேன்," என்றார் முதலாளி கமலநாதன்.

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் இருந்த அந்தப் பார்சல் நிறுவனத்தின் டேட்டாபேஸ் யுகேந்திரனின் பொறுப்பு. வாடிக்கையாளர் பதிவுப் படிவத்தில், பெயர் கேட்கும் கட்டத்தில் பெயருக்குப் பதில் யாராவது நாலு வரி கணினிக் கட்டளை, அதாவது ஸ்கிரிப்ட், எழுதினால் போதும். அது சும்மா கிடக்கும். யுகேந்திரன் தன் பிரவுசரில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறக்கும் நொடியில் விழித்துக்கொண்டு, அவனுடைய அதிகாரத்திலேயே எல்லா விவரத்தையும் அள்ளிக்கொண்டு போகும். டேட்டாபேஸைத் திறக்கும் மென்பொருளை அவன் புதுப்பிக்காமல் விட்டிருந்தான்.

பெயர் போடாமல் முதலாளிக்கு வந்த மின்னஞ்சலில் இதெல்லாம் பிசிறில்லாமல் எழுதியிருந்தது. அடைக்கும் வழியும் இருந்தது.

"இவங்க கிடைச்சா இன்னிக்கே வேலைக்கு எடுப்பேன் லா," என்றார் கமலநாதன்.

யுகேந்திரனுக்கு வயிறு எரிந்தது. ஓட்டையை அன்றே அடைத்தான், எரிச்சல்தான் அடங்கவில்லை. போன மாதம் தன் பிரிவில் சேர்ந்த லோஷினியின் வேலைதான் இது என்று முடிவு கட்டினான். அவளோடு பேச்சை நிறுத்தினான். அவள் கேட்ட பாஸ்வேர்டைத் தராமல் இழுத்தடித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனபோதும் மனம் இளகவில்லை.

வீட்டில் வழக்கம்போலச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, மனைவி பிரேமலாவிடம் தினமும் அதே புலம்பல். அவள் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள். ஒருநாள் மட்டும், "நல்லதுதானே செஞ்சாங்க? அவங்க மேல ஏங்க இவ்ளோ கோபம்?" என்றாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நேரா முதலாளிகிட்டயா போறது?"

அவள் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கமலநாதன் அவனை அறைக்குக் கூப்பிட்டார். மின்னஞ்சல் எழுதியவர், முதலாளி போட்ட பதிலைப் பார்த்து வேலைக்குச் சம்மதித்துவிட்டாராம். திங்கட்கிழமை முதல் யுகேந்திரன் அவருக்குக் கீழேதானாம்.

"லோஷினிதானே, பாஸ்?"

"லோஷினியா? இல்ல. இவங்க சிங்கப்பூர்ல ஏழு வருஷம் இதே டேட்டாபேஸ் வேலை பாத்தவங்க. பிள்ளைக்காக நிறுத்திட்டாங்க. எனக்கு எழுதறதுக்கு முன்னாடி உங்ககிட்ட மூணு தடவ சொன்னாங்களாம். நீங்க சாப்பிட்டுக்கிட்டே தலையாட்டினீங்களாம்."

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த பிரேமலா, அவனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.