ஜேசுதாசன் புகழ்ந்த கொக்கோ

"ஆகா, அமிர்தம்! அசல் சரக்குன்னா இதாம்மா!"

டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார் ஜேசுதாசன். பிருந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் இதே கச்சேரி! கொக்கோவோடு தரும் ஓசி பிஸ்கட்டுக்கு வந்த மனுசன், ஜால்ரா வேறு.

உவரியில் அறுபது பேருக்கு மூன்று மாதம் கொக்கோ கொடுப்பது பிருந்தாவின் ஆராய்ச்சி. அதிலுள்ள பாலிஃபீனால் என்ற சத்து ரத்தக்குழாயை இளக்குமா, இதயத்துக்கு உதவும் ஜீன்களைத் தட்டி எழுப்புமா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு அசல். மீதிப் பேருக்குச் சத்தெடுத்த போலிப் பொடி. எல்லாரும் சம்மதித்து வந்தவர்கள்தான். ஆனால் யாருக்கு எது என்பது கடைசி வரை பிருந்தாவுக்கே தெரியாது.

இரண்டாம் வாரமே, குடிக்க வந்தவர்களில் ஒருத்தியான ஃபிளோரா முறுக்கிக்கொண்டாள்.

"எனக்குப் போலிதான் வருது. வெறும் பொடியக் குடிக்க எனக்கென்ன தலையெழுத்தா?"

அவளோடு இன்னும் பத்துப் பேர் எழுந்தார்கள். இவர்கள் போனால் பிருந்தாவின் ரெண்டு வருச உழைப்பு பாழ்.

ஜேசுதாசன் ஃபிளோராவின் டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டார்.

"ஏளா, எனக்கும் இதே ருசிதான். நான் குடிக்கலியா? உக்காரு பேசாம!"

முணுமுணுத்தபடி எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

'வாய்ச்சவடால் ஒரு நாளாவது உதவிச்சே' என்று நினைத்துக்கொண்டாள் பிருந்தா.

மூன்று மாதம் முடிந்தது. யாருக்கு எது என்ற பட்டியல் வந்தது. அசல் குடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. சில ஜீன்களும் சோம்பல் முறித்திருந்தன. ஜேசுதாசன் பெயருக்கு நேரே 'போலி'.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க ஆகா ஓகோன்னு புகழ்ந்ததெல்லாம் போலிப் பொடி!"

"முத மடக்குலயே தெரியும்மா."

"எப்படி?"

"இருவது வருசம் கப்பல்ல கொக்கோ காய்ச்சினவன். அசலுன்னா நாக்கைக் கவ்வும். இது கவ்வல."

"பிறகு எதுக்கு அந்தப் புகழ்ச்சி?"

ஜேசுதாசன் சிரிக்கவில்லை.

"நான் மூஞ்சியச் சுளிச்சா ஃபிளோரா போவா, பொறத்தால பத்துப் பேரு போவாவ. எம் பொண்டாட்டி நாப்பத்தஞ்சு வயசுல நெஞ்சடைச்சுப் போனா. இனி ஒருத்தி அப்படிப் போகக் கூடாதுல்லா? பொய்யக் குடிக்க நாலு பேரு இல்லன்னா, மெய்க்கு ஏதும்மா சாட்சி?"