பக்கத்து வீட்டுக் கையெழுத்து

"இன்னும் சத்தம் கேக்குது தம்பி. கையெழுத்து கிடையாது."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற புஷ்பவள்ளி கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினார். ஒலியை அளக்கும் செயலியில் எண் தொண்ணூற்று மூன்றில் நின்றிருந்தது.

குணாளன் இன்ஜினை அணைத்துவிட்டுக் காரிலிருந்து இறங்கினான்.

"அக்கா, ரேஸ்லயே தொண்ணூத்தஞ்சு வரைக்கும் விடுறாங்க. நான் அதுக்கும் ரெண்டு கம்மியா வெச்சிருக்கேன்."

"ரேஸ் ஓடுற எடத்துக்கு அது சரி. இது பெர்மாஸ் ஜெயா, குடும்பங்க குடியிருக்கிற எடம். எங்க வீட்டுக்காரரு பாசிர் கூடாங்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து இப்பத்தான் படுத்திருக்காரு. மனுசன் தூங்க வேணாமா?"

சென்ற ஆண்டு குணாளனுடைய பழைய சாகா கார் தொண்ணூற்று எட்டு டெசிபல் காட்டியதால் பந்தயத் திடலின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டான். ஒரு ஓட்டத்தைக்கூடப் பார்க்காமல் கோபத்தோடு வீடு திரும்பினான். இந்த ஆண்டு இன்னொரு விதியும் சேர்ந்திருந்தது. கார்களைத் தயார் செய்யும் வீடுகளைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் புகார் மேல் புகார் கொடுத்ததால், காரை எந்த வீட்டில் வைத்துத் தயார் செய்கிறார்களோ அதன் பக்கத்து வீட்டுக்காரர் 'எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். குணாளனுடையது வரிசையின் கடைசி வீடு. அவனுக்குப் பக்கத்து வீடு என்று இருந்தது புஷ்பவள்ளியின் வீடு மட்டும்தான். அவரும் கணவரும் அங்கே குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"எவ்வளவுக்கு வந்தா போடுவாங்கன்னு நேராவே கேளுடா," என்றான் காருக்கு அடியில் படுத்திருந்த நண்பன் யுகேந்திரன். வெல்டிங் அவன் வேலை.

கேட்டான்.

புஷ்பவள்ளி சற்று யோசித்தார். "எண்பத்தஞ்சு."

"அலமாக்," என்று அடியிலிருந்து முனகல் வந்தது. "அக்கா, அதுக்குப் பேரு ரேஸ் காடி இல்ல, தையல் மெஷின்."

"தையல் மெஷினால யாரு தூக்கமும் கெட்டு நான் பாத்ததில்ல."

சத்தத்தைக் குறைக்க ஒரே வழி, சைலன்சருக்குள் தடுப்புத் தகடு வைப்பது. தகடு கூடக் கூடப் புகை வெளியேற இடமில்லாமல் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். நானூறு மீட்டர் நேர்ப்பாதையில் இரண்டு இரண்டு கார்களாகப் பாயும் போட்டியில், கால் நொடி என்பதே பெரிய தூரம்.

"மூணு தகடு வெச்சா நீ ஜெயிக்கிறத மறந்துடலாம்," என்றான் யுகேந்திரன்.

"உள்ள போனாத்தானடா ஜெயிக்கிறதப் பத்திப் பேச முடியும். வைய்யி."

முதல் தகட்டில் தொண்ணூறு. இரண்டாவதில் எண்பத்தேழு. ஒவ்வொரு முறையும் புஷ்பவள்ளி வேலியருகே அதே இடத்தில் வந்து நின்று அளந்தார். வரும்போதெல்லாம் இரண்டு கிளாஸில் தேநீரும் கொண்டுவந்தார். திட்டவும் முடியவில்லை.

மூன்றாவது தகட்டை யுகேந்திரன் எடுத்தபோது அவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"போல்ட்டு போடாதீங்க. வெல்டிங் வெச்சிடுங்க."

"ஏங்கக்கா?"

"போல்ட்டுன்னா அங்க போனதும் கழட்டிப் போட்டுடுவீங்க. திரும்பி வரும்போது தாமான்ல இருக்கிற வீடெல்லாம் அலறும். எனக்குத் தெரியாதா?"

நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே போனதும் கழற்றுவது அவர்கள் போட்டிருந்த திட்டமேதான்.

"இதெல்லாம் எப்பிடிக்கா தெரிஞ்சு வெச்சிருக்கீங்க?"

"யூடியூப் பாக்கிறேன் லா."

வெல்டிங் வைத்தார்கள். இன்ஜினை முடுக்கினார்கள். எண்பத்து நான்கு. புஷ்பவள்ளி அங்கேயே, காரின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து குணாளன் நெற்றியிலும் காரின் முன்பக்கத்திலும் பூசினார்.

"பயமில்லாம ஓட்டு தம்பி. ஆசீர்வாதம் பண்ணியாச்சு."

"நல்ல மனசுடா அவங்களுக்கு," என்றான் குணாளன், அவர் உள்ளே போன பிறகு. "நாமதான் தப்பா நெனச்சிட்டோம்."

ஞாயிறு நண்பகல். ஒலி அளக்கும் அதிகாரி கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அளந்தார். இரண்டாம் முறையும் எண்பத்து நான்குதான். இத்தனை அடக்கமான காரை இந்த வாசலில் பார்த்ததில்லை என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு தடுப்பைத் தூக்கினார். ஒரு வருடம் காத்திருந்து குணாளன் உள்ளே வந்துவிட்டான்.

அவன் பிரிவுக்கு அழைப்பு வந்தது. காரைத் தொடக்கக் கோட்டுக்கு மெல்ல நகர்த்தினான். பக்கத்துப் பாதையில் சிவப்புக் கார் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அதன் பின்சக்கரத்தைக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். புஷ்பவள்ளியின் கணவர் வசந்தன்.

"அண்ணே," என்றான் குணாளன், "நீங்க தூங்கலியா?"

வசந்தன் துடைத்த துணியால் ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார். கண்ணாடி இறங்கியது. ஹெல்மெட்டுக்குள் புஷ்பவள்ளியின் முகம்.

"தொண்ணூத்தி நாலரை, தம்பி," என்றார், உறுமலுக்கு மேலாகக் குரலை உயர்த்தி. "காடிய ஆயர் ஈத்தாம்ல எங்க அண்ணன் வீட்டுல வெச்சுச் செஞ்சோம். அங்க பக்கத்து வீட்டுக்காரங்க ரொம்ப நல்லவங்க, கேட்டதும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."